சிஃபு என்றால் யார்? இப் மேன் வாழ்க்கையை வைத்து ஓர் எளிய விளக்கம்

குங்ஃபூ படங்களில் மாணவன் ஆசானைக் கூப்பிடும் சொல், சிஃபு. தமிழில் டப் செய்யும்போது பெரும்பாலும் அதை 'மாஸ்டர்' ஆக்கிவிடுகிறார்கள். மாஸ்டர் என்றதும் நமக்கு டீ மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர், கராத்தே மாஸ்டர் எல்லாரும் நினைவுக்கு வருவார்கள். ஒரு வேலையில் கைதேர்ந்தவர், அவ்வளவுதான்.

தென்சீனாவில் பேசும் கான்டனீஸ் மொழியிலும் அப்படி ஒரு சிஃபு உண்டு. சமையல்காரர், தச்சர், டாக்ஸி ஓட்டுபவர் என்று கைத்தொழில் தெரிந்த யாரையும் மரியாதையாக அப்படி அழைக்கலாம். ஆனால் அதே ஒலியில் இன்னொரு சிஃபுவும் இருக்கிறார். காதில் கேட்டால் வித்தியாசம் தெரியாது. எழுதினால் இரண்டாவது எழுத்து மட்டும் மாறும். 'சி' என்றால் ஆசிரியர். மாறிவரும் அந்த 'ஃபு'வுக்குப் பொருள், தந்தை. தற்காப்புக் கலையில் நாம் பேசப்போவது இந்த ஆசிரியத் தந்தையைப் பற்றித்தான்.

தந்தை என்று சொல்லிவிட்டால் மற்ற உறவுகளும் கூடவே வந்துவிடும் இல்லையா? அவருடைய மனைவி 'சிமோ', ஆசிரியத் தாய். உங்களுக்கு முன்னால் சேர்ந்த ஆண் 'சிஹிங்', அண்ணன். பின்னால் சேர்ந்தவன் 'சிடாய்', தம்பி. அக்காவுக்கு 'சிஜே', தங்கைக்கு 'சிமுய்'. சிஃபுவின் சிஃபு 'சிகுங்', தாத்தா மாதிரி. ஆங்கிலத்தில் பிரதர், சிஸ்டர் என்று இரண்டே சொல்லில் அடங்கிப்போகும் இதை நமக்கு விளக்கவே வேண்டாம்; அண்ணன் வேறு, தம்பி வேறு என்பது நம் மொழியிலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இங்கே அண்ணன் தம்பி என்பது வயதை வைத்து இல்லை, சேர்ந்த நாளை வைத்து. 20 வயதுப் பையன் 40 வயதுக்காரருக்கு அண்ணனாக இருப்பான். அவர் அவனை அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும்.

இந்தக் குடும்பத்துக்குள் நுழைய ஒரு சடங்கு உண்டு. மாணவன் மண்டியிட்டு, ஒரு கோப்பைத் தேநீரை இரண்டு கைகளாலும் ஏந்தி ஆசிரியருக்குக் கொடுப்பான். கூடவே சிவப்பு உறையில் பணம். அவர் அந்தத் தேநீரைக் குடித்துவிட்டால், ஏற்றுக்கொண்டார் என்று பொருள். அதுவரை அவன் காசு கொடுத்துப் படிக்க வந்தவன், அதற்கப்புறம் சீடன். 'ஒரு நாள் ஆசிரியர், வாழ்நாள் முழுதும் தந்தை' என்று சீனத்தில் ஒரு பழமொழி சொல்வார்கள். வயதான காலத்தில் சிஃபுவைப் பார்த்துக்கொள்வது, இறுதிச் சடங்கில் நிற்பது எல்லாம் சீடனின் கடமைக்குள் வரும். சிஃபுவுக்கும் கடமை உண்டு: தெரிந்ததை மறைக்காமல் தர வேண்டும், சீடன் வெளியில் தப்பாக நடந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

சரி, அப்படிப்பட்ட ஒருவர் எப்படித்தான் வாழ்ந்தார்? அதற்கு இப் மேனை எடுத்துக்கொள்கிறேன். புரூஸ் லீயின் ஆசிரியர் என்றால் எல்லாருக்கும் தெரியும். (நம் ஊரில் பலர் 'ஐ.பி. மேன்' என்று படிக்கிறார்கள். இப் என்பது குடும்பப் பெயர், மேன் என்பது அவர் பெயர். சீன வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வரும்.) அவர் பெயரில் வந்த படங்களைப் பார்த்துவிட்டு, வாழ்நாள் முழுக்க எதிரிகளை அடித்துக்கொண்டே இருந்தவர் என்று நினைத்திருப்பவர்கள் ஏராளம். பத்துப் பேரை ஒரே ஆளாக வீழ்த்துவது, ஜப்பானியத் தளபதியோடு மோதுவது எல்லாம் திரைக்கதைக்காரர்களின் கற்பனை. உண்மை வாழ்க்கையில் சண்டை மிகக் குறைவு. என்னைக் கேட்டால் அந்த உண்மை வாழ்க்கைதான் படங்களைவிடப் பெரியது.

இப் மேன் 1893 அக்டோபர் 1 அன்று, தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் ஃபோஷான் என்ற ஊரில் பிறந்தார். மண்பாண்டம், இரும்பு வார்ப்பு, துணி என்று தொழில் கொழித்த ஊர். குடும்பம் வசதியானது, வீட்டுக்குப் பக்கத்திலேயே இப் வம்சத்தாரின் மூதாதையர் மண்டபம் இருந்தது. அங்கே இடம் பிடித்து விங் சுன் என்ற தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுத்து வந்தவர் சான் வா-சுன். சிறுவன் இப் மேன் அவரிடம் சேர்ந்தான். சான் அப்போது முதியவர். இவன்தான் அவருடைய கடைசிச் சீடன். அவர் இறந்த பிறகு அவருடைய மூத்த சீடர் இங் சுங்-சோக், அதாவது ஓர் அண்ணன், பயிற்சியைத் தொடர்ந்தார். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் பொறுப்பெடுப்பது போலத்தான்.

சான் வா-சுன்னின் பட்டப்பெயர் 'காசு மாற்றும் வா'. நாணயம் மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். அவருடைய சிஃபு லியுங் ஜான், ஃபோஷானில் மூலிகை மருத்துவர். அதே காலத்தில் அதே வட்டாரத்தில் புகழ்பெற்ற இன்னொரு ஆசான் வொங் ஃபெய்-ஹுங். அவரும் வைத்தியர்தான், குவாங்சோ நகரில் 'போ சி லாம்' என்ற பெயரில் வைத்தியசாலை நடத்தியவர். அவருடைய சீடர் லாம் சாய்-விங் பன்றி இறைச்சி வெட்டும் தொழிலில் இருந்தவர். பழைய ஆசான்களில் பலருக்கு இப்படித்தான் சோறு போட்டது வேறொரு தொழில். அதிலும் எலும்பு முறிவு, சுளுக்கு, அடிபட்ட வீக்கம் பார்க்கும் வைத்தியம் பலருக்குக் கைவந்திருந்தது. அடிக்கத் தெரிந்த கைக்கு அடிபட்டதைச் சரிசெய்யவும் தெரிந்திருந்தது. மாணவர்கள் தினமும் அடிபடுகிற கூடத்தில் அது இல்லாமல் முடியாது.

பதின்ம வயதில் இப் மேன் ஹாங்காங் போய் செயின்ட் ஸ்டீபன் கல்லூரியில் படித்தார். அந்தக் காலத்தைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் மாணவர்களிடம் ஒரு கதை சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார், அவரோடு மோதிப் பார் என்று நண்பன் ஒருவன் கூட்டிப்போனானாம். ஊரில் நல்ல பெயர் வாங்கியிருந்த இளைஞனுக்கு அந்தப் பெரியவர்மேல் விரல்கூட வைக்க முடியவில்லை. விசாரித்தால், அவர் லியுங் ஜானின் மகன் லியுங் பிக்! தன் சிஃபுவின் சிஃபுவுக்கு மகன். இந்தக் கதையைச் சில ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் இப் மேன் அதைச் சொன்ன விதம் முக்கியம்: தான் யாரையோ ஜெயித்த கதையை அல்ல, தோற்ற கதையைத்தான் தன் மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு ஃபோஷான் திரும்பினார், மணம் முடித்தார், பிள்ளைகள் பிறந்தார்கள், காவல்துறையில் வேலை பார்த்தார். நெருங்கியவர்களோடு கலையைப் பழகினாரே ஒழிய, பலகை மாட்டிக் கூட்டம் சேர்க்கவில்லை. 1938இல் ஜப்பானியப் படை ஃபோஷானைப் பிடித்தது. வசதியான வீடு வறுமையில் விழுந்தது. அந்தப் போர்க்காலத்தில்தான் ஒரு சிறு குழுவுக்கு முதன்முதலாக முறையாகச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் உள்நாட்டுப் போர். 1949இல் கம்யூனிஸ்டுகள் வென்றார்கள். அவர்களிடம் தோற்ற கோமிந்தாங் கட்சி அரசின் காவல் அதிகாரியாக இருந்தவருக்கு ஊரில் இருப்பது பாதுகாப்பாகத் தோன்றவில்லை. மக்காவ் வழியாக, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஹாங்காங் வந்து சேர்ந்தார். வயது 56. கையில் காசு இல்லை.

நாம் இன்று இப் மேன் என்று சொல்லும் சிஃபுவின் வாழ்க்கை இங்கேதான் தொடங்குகிறது. வேலையிலிருந்து ஓய்வுபெறுகிற வயதில்.

அன்றைய ஹாங்காங்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1945இல் ஏறக்குறைய 6 லட்சம் பேர் இருந்த நகரம், சில ஆண்டுகளில் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் எல்லை தாண்டி வந்தவர்கள். தகரமும் மரமும் சேர்த்துக் கட்டிய குடிசைகள் மலைச்சரிவெங்கும் பரவின. 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியில் பிடித்த தீயில் 50,000 பேருக்கு மேல் ஒரே இரவில் வீடிழந்தார்கள். அதற்குப் பக்கத்துப் பகுதிதான் ஷாம் சுய் போ. அங்கே உணவகத் தொழிலாளர் சங்கத்தின் இடத்தில் 1950இல் இப் மேன் வகுப்பைத் தொடங்கினார். அவரை அங்கே கூட்டிவந்தவர் ஒரு நண்பர். முதல் சீடர் லியுங் ஷியுங், சங்கத்துக்காரர், வேறு பாணிகளை ஏற்கெனவே கற்றுத் தேர்ந்தவர். மெலிந்த இப் மேனோடு மோதிப் பார்த்த பிறகு, தான் கற்றதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். மற்றவர்கள் ஹோட்டல் வேலை முடித்து வந்தவர்கள்.

அதற்குப் பிறகு 20 ஆண்டுகளுக்கு மேல், இடம் மாறி மாறித்தான் சொல்லிக்கொடுத்தார். சங்க அறை, வாடகை வீடு, லீ செங் உக் குடியிருப்பு. மண்டபமும் முற்றமும் தோட்டமும் இருந்த ஃபோஷான் கலை, பத்துக்குப் பத்து அறைக்குள் நுழைந்தது. அதனால் கலையின் பொருள்களே மாறின. மரமனிதன் என்ற பயிற்சிக் கருவியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆள் பருமனில் ஓர் உருளை மரம். அதில் மேலே இரண்டு கை, நடுவில் ஒரு கை, கீழே வளைந்த ஒரு கால். ஃபோஷானில் அதைத் தரையில் குழி தோண்டி நட்டுவிடுவார்கள். ஹாங்காங்கில் மூன்றாவது மாடியில் எங்கே குழி தோண்டுவது? அதனால் மரத்துக்குள் இரண்டு பட்டைகளைக் குறுக்கே செருகி, சுவரில் பொருத்திய சட்டத்தில் மாட்டினார்கள். 1950களில் இப் மேன் ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்த வடிவம் இது. பட்டைகள் வளைந்து கொடுப்பதால் மரம் அடி வாங்கிக் கொஞ்சம் பின்னே போய்த் திரும்பி வரும். உயிருள்ள ஆள் மாதிரி. இன்று உலகமெங்கும் பயிற்சிக்கூடங்களில் நிற்பது பெரும்பாலும் அந்த மாடிவீட்டு மரமனிதன்தான்.

என்ன சொல்லிக்கொடுத்தார் என்பதைக் கையால் செய்து பார்த்தால் நன்றாகப் புரியும். எழுந்து நில்லுங்கள். கால்களைக் கொஞ்சம் அகட்டி, விரல்நுனிகள் உள்நோக்கியும் குதிகால்கள் வெளிநோக்கியும் இருக்கட்டும். முழங்கால்களைச் சற்று மடக்கி உள்பக்கம் நெருக்குங்கள், நடுவே ஓர் ஆட்டுக்குட்டியை நழுவவிடாமல் பிடித்திருப்பது போல. ஆட்டைப் பிடிக்கும் நிலை என்றே இதற்குப் பெயர். முஷ்டிகள் மார்பின் இரு பக்கமும். இப்போது இடக்கையை விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க, மார்பின் நடுக்கோட்டில் மெல்ல முன்னே தள்ளுங்கள். முழங்கை வெளியே ஓடப் பார்க்கும், நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தோள் தன்னால் தூக்கிக்கொள்ளும், இறக்குங்கள். முழங்கை உடம்பிலிருந்து ஒரு முஷ்டி தூரம் போனதும் நிறுத்துங்கள். அந்தச் சிறு தூரத்தைக் கடக்க ஒரு நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடத்திலேயே தொடை எரியும், பல்லைக் கடித்திருப்பது தெரியவரும். அதையும் தளர்த்துங்கள்.

விங் சுன்னின் முதல் பயிற்சித் தொடரான 'சியு நிம் தாவ்' இப்படித்தான் தொடங்குகிறது. பெயரின் பொருள், சின்ன எண்ணம். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கால் ஓர் அடிகூட நகராது. சண்டைக் கலை கற்க வந்த பையன், நின்ற இடத்தில் நின்று, ஒரு கையை ஆமை வேகத்தில் முன்னே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவான். நாள்கணக்கில், மாதக்கணக்கில். பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். சிஃபு துரத்திப் பிடிக்கமாட்டார்.

இருப்பவர்களுக்கு அடுத்து வருவது 'சி சாவ்', ஒட்டும் கைகள். இருவர் எதிரெதிரே நின்று முன்கைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் சுழற்றுவார்கள். கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். எதிராளியின் கை அழுத்துகிறதா, விலகுகிறதா, எங்கே வெற்றிடம் என்று தோல்தான் சொல்ல வேண்டும். இதற்கு விங் சுன்காரர்கள் மனப்பாடமாகச் சொல்லும் ஒரு வாய்மொழி உண்டு: வருவதை இருத்திக்கொள், போவதை வழியனுப்பு, கை விடுபட்டால் நேரே பாய். சிஃபு ஏன் தேவைப்படுகிறார் என்பது இங்கேதான் எனக்கு விளங்கியது. சியு நிம் தாவை வீடியோ பார்த்துக்கூடப் பாதி கற்றுவிடலாம். சி சாவை முடியாது. இவ்வளவு அழுத்தம் அதிகம், இது போதும் என்பதை எழுத்திலோ படத்திலோ கொடுக்க வழியில்லை. தெரிந்த கை ஒன்று உங்கள் கையைத் தொட்டாக வேண்டும். லியுங் ஜான் கை சான் வா-சுன்னைத் தொட்டது, சான் கை இப் மேனைத் தொட்டது. பரம்பரை என்று இவர்கள் அவ்வளவு பெருமையாகச் சொல்வது இந்தத் தொடுகைத் தொடரைத்தான்.

இப் மேனிடம் படித்தவர்கள் சொல்வதிலிருந்து அவர் முறை ஓரளவு தெரிகிறது. பஞ்சபூதம், எட்டுத்திசைச் சக்கரம் போன்ற பழைய மறைபொருள் பேச்சை விட்டுவிட்டு, கோணம், தூரம், விசை என்று விளங்கும்படி சொன்னார். எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லவில்லை; ஆளைப் பார்த்துச் சொன்னார். நிறைய நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். தொடக்கநிலைப் பையன்களைப் பழக்கும் வேலை பெரும்பாலும் அண்ணன்களுடையது. அவர்களில் ஒருவர் வொங் ஷுன்-லியுங். அக்காலத்தில் ஹாங்காங்கின் மொட்டை மாடிகளில் வெவ்வேறு பாணிக்காரர்கள் ரகசியமாக மோதிக்கொள்வார்கள். அந்த மோதல்களில் பேர் வாங்கியவர் அவர். 1950களில் அங்கே சேர்ந்த ஒரு பதின்ம வயதுப் பையனுக்கு அதிகம் கைகொடுத்துப் பழக்கியதும் அவர்தான். அந்தப் பையன் புரூஸ் லீ. 1959இல் அமெரிக்கா போய்விட்டார். புரூஸ் லீயின் சிஃபு இப் மேன் என்று சொல்லும்போது, நடுவில் ஓர் அண்ணன் இருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

பரம்பரை என்றதும் ஒரு விஷயம். விங் சுன்னின் தொடக்கத்தைக் கேட்டால், எரிந்துபோன ஷாவோலின் கோவிலிலிருந்து தப்பிய இங் முய் என்ற பெண் துறவி, யிம் விங் சுன் என்ற இளம்பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். அழகான கதை, வரலாற்றுச் சான்று இல்லை. காஞ்சிபுரத்துப் போதிதருமர்தான் ஷாவோலினுக்குக் குங்ஃபூ கொடுத்தார் என்று நம் பக்கம் பெருமையாகச் சொல்வதும் இதே வகை. அவர் தென்னிந்தியர் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்வது உண்மை. உடற்பயிற்சியோடு அவரை இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது, அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தி. தந்தை தாத்தா என்று முறை வைத்துப் பேசும் ஒரு கலைக்கு முதல் பாட்டன் ஒருவர் தேவைப்படுகிறார். அந்தத் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் பெயரும் ஊரும் தெரிந்த காசு மாற்றும் வாவையும் மூலிகை வைத்தியரையும் நான் அதைவிட அதிகமாக மதிக்கிறேன்.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்பார்கள். இப் மேன் வாழ்க்கையைப் படிக்கும்போது இந்தப் பழமொழி என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. அவர் ஹாங்காங் வந்த சிறிது காலத்திலேயே சீன எல்லை இறுகிவிட்டது. மனைவி சியுங் விங்-சிங் எல்லைக்கு அந்தப் பக்கம் ஃபோஷானில் இருந்தார். 1960இல் இறந்தார், கணவரால் போக முடியவில்லை. மகன்கள் இப் சுன், இப் சிங் இருவரும் ஹாங்காங் வந்து அப்பாவைச் சேர்ந்தது 1962இல்தான். அதாவது பத்து ஆண்டுகளுக்கு மேலாக, ஷாம் சுய் போவின் ஹோட்டல் தொழிலாளர்களும் பள்ளிப் பையன்களும் 'ஆசிரியத் தந்தையே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரின் சொந்தப் பிள்ளைகள் எல்லைக்கு அந்தப் பக்கம் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மகன்கள் வந்த பிறகு, அவர்களும் அந்த அறையில் மற்றவர்களோடு நின்று கற்றார்கள்.

1967இல் சீடர்கள் சேர்ந்து அவர் தலைமையில் ஹாங்காங்கில் விங் சுன் சங்கத்தைப் பதிவுசெய்தார்கள். உடல் தளர்ந்துவந்தது. தொண்டைப் புற்றுநோய். 1972 டிசம்பர் 2 அன்று மோங் கோக் பகுதி வீட்டில், 79ஆம் வயதில் இறந்தார். ஃபான்லிங்கில் வோ ஹாப் ஷெக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அதற்கு எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1973 ஜூலையில் புரூஸ் லீயும் போய்விட்டார். தனக்குப் பின் இவர்தான் என்று இப் மேன் யாரையும் முடிசூட்டவில்லை. அதனால் அண்ணன் தம்பிகளுக்குள் யார் கற்றது சரி என்ற சச்சரவு இன்றுவரை ஓடுகிறது. குடும்பம் என்றால் அதுவும் உண்டு.

இறப்பதற்குச் சற்று முன், நோய் முற்றிய நிலையில், வீட்டிலேயே எட்டு மில்லிமீட்டர் சுருளில் அவரைப் படம் பிடித்தார்கள். ஒலி கிடையாது. இரண்டு பயிற்சித் தொடர்களையும் மரமனிதன் பயிற்சியையும் செய்கிறார். எத்தனையோ கடினமான தொடர்கள் கைவசம் இருக்க, முதலில் அவர் செய்து காட்டுவது சியு நிம் தாவ். ஒல்லியான கிழவர், முழங்கால்களை உள்ளே நெருக்கி நிற்கிறார். முழங்கை நடுக்கோட்டை விட்டு விலகாமல், கை மெல்ல முன்னே வருகிறது.